கொடாததைக் கொள்ளல்

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தங்கை மகன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து காட்டினான். பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தில் எஞ்சும் வெள்ளையணுக்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த இசைவு கேட்கும் படிவம் அது. “பெரியம்மா, உடம்பு புத்கலம், ஆன்மாவுக்கு அயலானது என்று பாடம் சொன்னவர் நீங்கள். எனதல்லாத பொருளுக்கு என் கையொப்பம் எதற்கு?” என்றான். அன்று எனக்கு விடை தோன்றவில்லை.

இதே வினா அமெரிக்காவில் வழக்காகவே வந்ததுண்டு. ஜான் மூர் என்பவருக்கு 1976இல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் அரியதோர் இரத்தப் புற்றுநோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்டது. அறுவை தேவையானதே. ஆனால் அம்மண்ணீரலின் நோயெதிர்ப்பு அணுக்களை, டி-அணுக்கள் என்பர், மருத்துவர் ஆய்வகத்தில் அழியாது பெருகும் அணுக்கூட்டமாக வளர்த்தார். மூர் சியாட்டிலிலிருந்து 1983 வரை பலமுறை வந்து இரத்தமும் எலும்பு மஜ்ஜையும் தந்துசென்றார். எல்லாம் தம் நலத்துக்கே என்று நம்பியிருந்ததாக வழக்குரைத்தார். 1984இல் அவ்வணுக்களுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1990இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பிரிந்த அணுக்கள்மீது மூர் உடைமை கோர இயலாது என்றது. ஆயினும் மருத்துவர் தம் ஆராய்ச்சி நோக்கையும் பொருள் நோக்கையும் முன்னரே சொல்லக் கடமைப்பட்டவர் என்றது.

முதற்பகுதி நம் ஆகமம் போலவே ஒலிக்கிறது. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் களவுக்கு வகுத்த இலக்கணத்தை எண்ணிப் பாருங்கள். உடையவன் யார் என்று அது கேட்கவில்லை. கொடாததைக் கொள்வதே களவு என்கிறது. கொள்பவன் உள்ளத்துப் பிரமாதத்தையும் உரையாசிரியர்கள் அதனோடு சேர்ப்பர். ஆகவே மூர் உடைமையாளர் அல்லர் எனினும், சொல்லாமல் எடுத்தது கொடாததே. ‘இவ்வுடல் எனதன்று’ என்பது ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் சொல். பிறர் நம்மை நோக்கி, ‘இவ்வுடல் நினதன்று, ஆதலின் எடுத்துக்கொள்கிறேன்’ என்பாராயின் அது மெய்யறிவாகுமோ?

ஆராய்ச்சியே ஆகாது என்பது என் கருத்தன்று. நோயாளியின் டி-அணுக்களையே எடுத்து, புற்றணுவை இனங்காணுமாறு மாற்றி, அவர் உடலிலேயே திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய சிகிச்சை 2023இல் நம் நாட்டில் ஒப்புதல் பெற்றது. பல நோயாளிகளின் அணுக்கள் முன்னர் ஆய்வுக்குக் கிடைத்திராவிடில் இவை இயன்றிரா. மனிதர் தரும் அணுவே போதுமான இடத்தில் ஓர் எலியேனும் பிழைக்கும். எலிகளின் துன்பம் முற்றும் நீங்கிற்று என்று மட்டும் சொல்வதற்கில்லை. அறிந்து, மனமுவந்து தருவாராயின் இதனை ஔஷத தானத்தில் சேர்க்கத் தயங்கேன். (பாடநூல் ‘உயிரணு’ என்கிறதே, கிண்ணத்தில் வளரும் அதனில் உயிருண்டோ என்னும் ஆராய்ச்சியை முனிவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.)

இவ்வளவையும் அவனுக்குக் கடிதமாக எழுதினேன். அவன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்டானாம்: எந்த ஆய்வுக்கு, யார் வைத்திருப்பார், பின்னர் விற்கப்படுமா? முதலிரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்தது. மூன்றாவதைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது.