விலை இறங்கட்டும் என்று ஜெபிக்கலாமா?



"இப்ப வீடு வாங்கலாமுங்களா, இல்ல இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமுங்களா? ஜெபிச்சுச் சொல்லுங்க." தறிக்கு ஆர்டர் குறைந்து ஊரில் விலை இறங்குகிற ஒவ்வொரு முறையும் சபையில் இந்தக் கேள்வி எழும்புகிறது. நானும் அப்படிக் கேட்டு அலைந்தவன்தான். கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

2016ஆம் வருஷம். சாமளாபுரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, எட்டுத் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தோம். எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் மூன்று சென்ட் இடமும் ஓட்டு வீடும் விலைக்கு வந்தது. அவரும் தறிக்காரர்தான். 14 லட்சம் கேட்டார். பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கையில் காசு ஓட்டமில்லை. பாவு வராமல் தறிகள் நின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும் வந்தது. அந்த வீட்டின் விலை 14லிருந்து 12 ஆயிற்று. புரோக்கர் என்னிடம், "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கண்ணா. அவருக்கு பேங்க்ல நெருக்கடி. பத்துக்கே குடுத்துருவாரு" என்றார்.

எனக்குச் சந்தோஷம்! உபவாச ஜெபத்தில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்த வீட்டை உமது பிள்ளைக்குப் பத்து லட்சத்துக்குத் தாரும்" என்று கண்ணீரோடே ஜெபித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, வெல எறங்கோணும்னு ஜெபம் பண்றீங்களே, அது எறங்கறதுக்கு அவங்க வீட்டுல இன்னும் என்னென்ன நடக்கோணும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும். பேங்க் நோட்டீஸ் கதவில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் என் ஜெபம் கேட்கப்படும்! பிறனை நேசிக்கச் சொன்னவரிடத்தில் பிறனுடைய வீழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வேதத்தில் எரேமியா 32ஆம் அதிகாரத்தை எடுத்தேன். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றிக்கை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசியோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலிருக்கிற தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். தேசமே கைவிட்டுப் போகிற நேரத்தில் நிலத்துக்கு என்ன விலை இருக்கும்? ஆனாலும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்திலே பத்திரப்படுத்தும்படி பாருக்கிடம் கொடுத்தார்.

அந்த 17 சேக்கல் அதிகமா குறைவா என்று வேதம் சொல்லவில்லை. எப்படி வாங்கினார் என்பதைத்தான் விவரமாய்ச் சொல்லுகிறது. விலை இறங்கினதற்காகவும் அவர் வாங்கவில்லை, நாளைக்கு ஏறும் என்றும் வாங்கவில்லை. கர்த்தர் சொன்னார், இனத்தானுடைய நிலத்தை மீட்கிற கடமை அவருக்கு இருந்தது. அங்கே வாங்குகிறவன் மீட்கிறவனாய் நிற்கிறான். நானோ விழுகிறவனுக்குக் கீழே வலை விரித்துக் காத்திருந்தேன்.

"அப்படீன்னா பேரம் பேசறதே பாவமா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். இல்லை. நூறு மனை போட்டு விற்கிறவரிடத்தில் பேரம் பேசுவது வியாபாரம். பொறுத்திருப்பதும் பாவமல்ல. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். விசுவாசம் என்று சொல்லி மீட்டர் வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கொடுப்பது விசுவாசமல்ல. ஆனால், இன்னொருவன் மூச்சுத் திணறுவது தெரிந்தும் இன்னும் கொஞ்சம் திணறட்டும் என்று காத்திருப்பது வேறே காரியம். வாங்கும்போது பொருளைக் குறை சொல்லி, அப்புறம் போய்ப் பெருமையடிக்கிறவனைப்பற்றி நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் பேசுகிறது. அது என் முகத்தைக் காட்டுகிற கண்ணாடியாயிருந்தது.

மறுநாள் புரோக்கர் இல்லாமல் போய் அவரைச் சந்தித்தேன். பேங்க் கடன் போக அவருக்கு எவ்வளவு தேவை என்று கேட்டேன். அவசரமில்லாதவன் விற்றால் அந்த வீடு என்ன போகும் என்று வீதியில் மூன்று பேரிடம் விசாரித்தேன். பதினொன்றரை லட்சத்துக்கு முடிந்தது. மூன்று மாதம் வாடகையில்லாமல் அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னோம். கொடுத்த தொகை முழுவதையும் பத்திரத்தில் காட்டினோம். எரேமியா சாட்சிகள் முன்பாக நிறுத்துக் கொடுத்தாரே, நாம் மறைத்து எழுதலாமா?

இன்னொரு காரியம். 2017 ஜூன் 9 முதல் அரசு வழிகாட்டி மதிப்பை 33% குறைத்தது. பலரும் அதை நம்பிக் காத்திருந்தார்கள். ஆனால் பதிவுக் கட்டணம் 1%லிருந்து 4% ஆயிற்று. முத்திரைத் தீர்வை 7%. ஆகவே அன்றைய கணக்கில் வழிகாட்டி மதிப்பின்படி பதிந்தால், 9 லட்சம் மதிப்புக்கு முன்பு 72,000 ரூபாய். குறைத்த பின்பு அதே இடத்துக்கு ஏறக்குறைய 66,000. வித்தியாசம் ஆறாயிரம்தான்! அதற்காக வருஷக்கணக்காய் வாடகை கொடுத்துக் காத்திருப்பது ஞானமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் எங்கள் வீதியிலேயே அதேபோல ஒரு வீடு பத்தரைக்குப் போனது. "அவசரப்பட்டுட்டீங்க, ஏமாந்துட்டீங்க" என்றார்கள். கணக்குப்படி ஒரு லட்சம் நஷ்டம். ஆனால் அந்தச் சகோதரரை இன்றைக்கும் வழியில் பார்த்தால் நான் தலை குனிய வேண்டியதில்லை. அவரும் வண்டியை நிறுத்தி, "நல்லாருக்கீங்களாண்ணா?" என்கிறார். இதற்கு என்ன விலை?

ஆகவே பிரியமானவர்களே, வீடு வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். குடியிருக்க வாங்குகிறேனா, ஏறின பின்பு விற்க வாங்குகிறேனா? தறி ஆறு மாதம் நின்றாலும் தவணை கட்ட முடியுமா? விற்கிறவர் என் வீட்டு வாசலைத் தாண்டும்போது என்னை ஆசீர்வதிப்பாரா, பெருமூச்சு விடுவாரா? வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம் ஒன்று உண்டு. அது விற்றவனுடைய கண்ணீர். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அதுவே வாங்குகிற காலம். விலை ஏறினாலும் இறங்கினாலும் கர்த்தர் மாறாதவர்.

அவர் உங்களுக்குச் சமாதானமுள்ள வாசஸ்தலத்தைக் கட்டளையிடுவாராக. ஆமென்.