விருந்தும் பிறர் பங்கும்

விருந்தோம்பலை இல்வாழ்வின் தலையாய அறங்களுள் ஒன்றாகத் தமிழ் மரபு போற்றுகின்றது. எனினும், அவ்வறத்தின் செலவை வீட்டில் யார் ஏற்கின்றார் என்ற வினா அதிகம் எழுப்பப்படுவதில்லை.

2022ஆம் ஆண்டு இலங்கையில் அவ்வினா அடுக்களைக்கே வந்து சேர்ந்தது. பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 சதவீதத்தை எட்டியது. கண்டி நகரை அடுத்த அம்பிட்டியவில், அந்நாட்களில் பிறந்தநாளுக்கென நாலைந்து பேரை அழைத்த குடும்பமொன்றை எண்ணிப் பார்க்கலாம். பால் கலந்த தேநீர் கொடுப்பதே மதிப்பு என வீட்டுத் தலைவன் கருதுகின்றான். இருப்பதோ குழந்தைக்கென ஒதுக்கிய ஒரு பொதி பால்மா. அதனைக் கரைத்து வழங்குவது ஈகையாகுமா?

இளையான்குடி மாறனார் இரவு மழையில், விதைத்த நெல்லையே வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்தார் என்கிறது பெரியபுராணம். அவ்வழியைச் சொன்னவர் அவர்தம் மனைவியார் என்பது இங்கு கருதத்தக்கது. இழப்பை இருவரும் இசைந்தே ஏற்றனர். விருந்துக்காகப் புறநானூற்று மறவன் பணயம் வைத்ததும் தன் வாளையே. அம்பிட்டியக் குழந்தையோ இசைவளிக்க இயலாதது. அதன் பங்கை எடுத்து வழங்குபவன் தேடுவது தன் பெயரை. அதற்கு ஈகை என்ற சொல் பொருந்தாது. ஈரவிறகின் புகையில் கண்ணெரிய நின்று சமைப்பவளின் இசைவும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

விருந்தினர்க்கும் இதில் பொறுப்புண்டு. மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வெறுந்தேநீரும் கண்டு சுளிக்கும் முகமே, அடுத்த வீட்டாரைப் பால்மாப் பொதியை உடைக்கத் தூண்டுகின்றது. கையில் சிறிது சீனியோடு படியேறி வருபவர் மரபை மீறியவரல்லர்.