பழியும் பாவமும்

"பழி பாவத்துக்கு அஞ்சி நட" என்பது நம் வீடுகளில் முதியோர் இளையோருக்குச் சொல்லும் அறிவுரை. இரு சொற்களையும் இணைத்தே கேட்டுப் பழகியதால் இரண்டும் ஒன்றென எண்ணிவிடுகிறோம். பழி பிறர் வாயிலிருந்து வருவது. பாவம் நம் கையால் விளைவது. பாவம் செய்யாதவன்மீதும் பழி வருவதுண்டு. பாவம் செய்தும் பழி வராமலே வாழ்நாளைக் கழித்துவிடுவோரும் உண்டு. தனிமனிதருக்குள்ள இந்நிலை நிறுவனங்களுக்கும் உண்டு.

இன்று பள்ளிக்கூடமாயினும், மருத்துவமனையாயினும், வணிக நிறுவனமாயினும், ஜமாஅத்தாயினும் அதன் வாயிற்படியில் நிற்பவர் கையில் படமெடுக்கும் கைப்பேசி இருக்கிறது. ஒரு நிமிடக் காட்சி சமூக ஊடகங்களில் பரவிவிட்டால் ஐம்பதாண்டு நற்பெயர் ஓரிரவில் ஆட்டங் கண்டுவிடும். அதைச் சமாளிக்கும் கலையைக் கற்பிக்க வல்லுநர்கள் பலர் தோன்றியுள்ளனர். விரைந்து பதில் சொல்ல வேண்டும். ஒருவரே பேச வேண்டும். சொன்னதை மாற்றலாகாது என்றெல்லாம் விதி வகுத்துள்ளனர். நல்ல விதிகளே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னே விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு. நிறுவனம் அஞ்சுவது பழிக்கா, பாவத்துக்கா?

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டோமினோஸ் பிஸ்ஸாக் கடை ஒன்றின் ஊழியர் இருவர் உணவை அசுத்தப்படுத்தும் காட்சியைத் தாமே படம்பிடித்து வெளியிட்டனர். பேசாதிருந்தால் அடங்கிவிடும் என்று நிறுவனம் முதலில் கருதியது. அடங்கவில்லை, சில நாள்களுக்குள் பார்த்தவர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. அதன் பின்னரே நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் பாட்ரிக் டாயில், காட்சி வெளியான அதே யூடியூபில் தோன்றி வருத்தம் தெரிவித்தார்.

அங்கே பிழை செய்தோர் கடைநிலை ஊழியர் இருவர். நிறுவனத்தின் நடைமுறையே பிழையாக இருந்தால் என்னாகும் என்பதை 2017 காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள், சிகாகோவிலிருந்து லூயிவில் நகருக்குச் செல்லவிருந்த யுனைடெட் விமானத்தில் நிறுவனத்தின் பணியாளர் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. பயணச்சீட்டுப் பெற்று அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் இறங்க மறுத்தார். விமான நிலையப் பாதுகாப்பு அலுவலர்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கித் தரையில் இழுத்துச் சென்றனர். இரத்தம் வழியும் அவர் முகத்தைச் சக பயணிகளின் கைப்பேசிகள் உலகுக்குக் காட்டின.

மறுநாள் நிறுவனத் தலைவர் ஆஸ்கார் முனோஸ் விடுத்த அறிக்கை, பயணிகளுக்கு 'மாற்று ஏற்பாடு' செய்ய நேர்ந்தமைக்கு வருந்தியது. ஊழியர்களுக்கு அவர் எழுதிய மடலோ, இழுத்தெறியப்பட்டவரையே முரடராகச் சித்திரித்தது. ஊர் கொதித்தது. ஏப்ரல் 11ஆம் நாள்தான், யாரையும் இவ்வாறு நடத்தலாகாது, பொறுப்பு எங்களுடையதே என்னும் கருத்துப்பட அவர் பேசினார். இத்தனைக்கும் முந்தைய மாதம்தான் மக்கள் தொடர்புத் துறை இதழொன்று அவரை ஆண்டின் சிறந்த தொடர்பாளராகத் தேர்ந்திருந்தது. சொல்வன்மைக்கு அங்கே குறைவில்லை. முதல் இரண்டு நாள்களில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது பழி. அடிபட்ட மனிதர் தெரியவில்லை.

தவ்பாவுக்கு நம் மார்க்க அறிஞர்கள் வகுத்த நிபந்தனைகளை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செய்த பாவத்தை உடனே விட்டொழித்தல், மனம் நொந்து வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல். பிற மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் சேர்த்தல். நாவால் 'மன்னிக்கவும்' என்று மொழிவதோடு இக்கடமை முடிந்துவிடவில்லை. யுனைடெட் நிறுவனத்தின் முதல் அறிக்கை இந்நான்கில் ஒன்றையும் தொடவில்லை. அம்மாதம் 27ஆம் நாள் பாதிக்கப்பட்டவருடன் உடன்பாடு கண்டு, பாதுகாப்புக் காரணமின்றிக் காவலரை அழைப்பதில்லை என்றும், இடத்தை விட்டுக்கொடுப்போருக்கு 10,000 டாலர் வரை வழங்கலாம் என்றும் விதிகளைத் திருத்தியபோதே மன்னிப்புக்கு உயிர் வந்தது. இந்த விதிகள் முன்பே இருந்திருந்தால் அந்தக் காட்சியே எழுந்திராது.

பாவமின்றியே பழி வந்தால்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு சுமத்தப்பட்ட நிகழ்ச்சி நமக்குப் பாடமாக நிற்கிறது. ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவின் தெருக்களில் அப்பொய் உலவிற்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வதந்தியை நம்பித் தீர்ப்பளிக்கவுமில்லை. கேள்வியே எழலாகாது என்று வாய்களை அடைக்கவுமில்லை. அலி (ரலி), உஸாமா (ரலி) ஆகியோரிடம் கலந்தார்கள். பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களிடமும் விசாரித்தார்கள். உண்மையை அறியப் பணிப்பெண்ணின் சாட்சியம் நாடப்பட்டது என்பதை நம் நிர்வாகிகள் மனத்தில் இருத்த வேண்டும். இறுதியில் திருமறையின் அந்நூர் அத்தியாயம் அன்னையாரின் தூய்மையை அறிவித்தது.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். மதரஸாவில் பிள்ளை ஒன்று அளவுமீறி அடிபட்டது என்றோ, வக்ஃபுக் கணக்கில் பிசகு என்றோ, அநாதை நிலையத்தின் உணவு சரியில்லை என்றோ ஒருவர் முறையிட்டால், 'வெளியே சொன்னால் சமுதாயத்தின் மானம் போய்விடும்' என்னும் குரல்தான் முதலில் எழுகிறது. பிறர் குறையை மறைப்பது நன்மையென நபிமொழி போதிக்கவில்லையா என்றும் கேட்கின்றனர். ஒருவர் தமக்குள் இழைத்துக்கொண்ட சறுக்கலை மறைப்பது வேறு. அடுத்தவர் உரிமை பறிபோன இடத்தில் மறைப்பது வேறு. முன்னது இரக்கம், பின்னது அநீதிக்குத் துணை. தமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிப்பதை எந்த மானம் தள்ளிவைக்க முடியும்?

நம்மைத் தூற்றக் காத்திருப்போர் உண்டு என்பது மெய்யே. 2020இல் டில்லித் தப்லீக் மாநாட்டை வைத்து நோய்த்தொற்றின் பழி முழுவதையும் ஒரு சமுதாயத்தின் தலையில் சுமத்திச் சமூக ஊடகங்கள் ஆடிய ஆட்டத்தை மறக்க இயலுமா? அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டிருக்கக் கூடும் என்றும் கருத்துரைத்தது. ஆனால் பொய்ப்பழிக்கு ஆளான நினைவு, மெய்ப்பிழையை மூடும் போர்வையாகலாகாது. உள்ள குறையை மறைத்துப் பிடிபட்டவனின் 'இல்லை' என்ற சொல்லை, இல்லாத குறை பேசப்படும் நாளில் எவரும் நம்பமாட்டார்.

ஆகவே புயலுக்கு முந்தைய அமைதி நாளில் செய்ய வேண்டியவை சில உண்டு. வரவு செலவை ஆண்டுதோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுக. முறையீட்டைக் கேட்க, நிர்வாகத்தைச் சாராத ஒருவரும் பெண்மணி ஒருவரும் அடங்கிய சிறு குழுவை அமைத்துக்கொள்க. முறையிட்டவரைத் துரோகி என்னாதிருக்க. பழி வந்தால் அறிந்ததை அன்றே சொல்லுக. அறியாததை விசாரித்துச் சொல்வதாக நாள் குறித்து, அந்நாளில் சொல்லுக. தவறிருப்பின் அடிபட்டவர் வீட்டு வாசலுக்கு முதலில் செல்லுக. ஊருக்கு அறிக்கை அதற்குப் பிறகு.

நிறுவனத்துக்கு இவ்வளவு கடமையென்றால் கைப்பேசி ஏந்திய நமக்குக் கடமையில்லையா? வந்த செய்தியைத் தெளிவு செய்துகொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் ஏவுகிறது. ஆராயாமல் நாம் அனுப்பிவைக்கும் ஒவ்வொரு காட்சியும் நம் ஏட்டில் எழுதப்படும். அடுத்தவர்மீது பழியை ஏற்றும் அதே விரலால் நமக்குப் பாவத்தைத் தேடிக்கொள்கிறோம்.

பொதுப்பணி ஓர் அமானிதம். மக்கள் காணும் வேளையிலும் காணாத வேளையிலும் அதனைப் பேணிக் காக்கும் நெஞ்சுரத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக!