பட்டியலில் இல்லாதவர்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிக்கப் படிக்க வியப்பு அடங்குவதில்லை. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தேவியரும் மற்றவரும் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தியும் எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதுவரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். நாவிதர் உண்டு, தையற்காரர் உண்டு, கன்னார் உண்டு. உள்ளே சுவரில் எழுதிய ஓவியர் இல்லை.

*

கருவறையைச் சுற்றிவரும் இருண்ட நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் கண்டவர் எஸ். கே. கோவிந்தசாமி. அவை ஈரச் சுண்ணாம்பில் எழுதியவை என்று வேதியியல் வழியே காட்டியவர் எஸ். பரமசிவன். ஈரச் சாந்து யாருக்கும் காத்திருக்காது. காய்வதற்குள் கோடு விழ வேண்டும். பிசகினால் சாந்தையே பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். விளக்கு வெளிச்சத்தில்தான் எழுதியிருப்பார்கள். அந்த இடுக்கில் தள்ளி நின்று பார்க்கவும் வழியில்லை.

*

அந்தச் சுவர்களில், சுந்தரர் கல்யாணத்தைத் தடுக்கக் கிழவராக வந்த சிவன்: ஒரு கையில் குடை, மறு கையில் ஓலை. கல்யாணச் சமையலையும் எழுதாமல் விடவில்லை.

திரிபுரம் எரிக்கும் சிவன் ஒரு சுவர் நிறைய நிற்கிறார். எதிரே அசுரர்கள். அவர்களைப் பற்றிக்கொண்டு அவர்களுடைய பெண்கள். வெற்றியைக் காட்ட அந்தப் பெண்கள் தேவையில்லை. எரியப்போகிறவனுக்கும் ஒருத்தி இருப்பாள் என்று நினைத்த மனம் ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது. அந்த மனிதரை எனக்குத் தெரியும் என்றே தோன்றுகிறது. பெயர்தான் தெரியாது.

*

பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர்கூடப் பங்கு பெற்றவர் வரிசையில்தான் வருகிறது. அந்தக் கல்வெட்டுகள் கோயிலின் கணக்கு. கொடுத்தவருக்கும், இனிமேலும் பெற வேண்டியவருக்கும் அதில் இடம். சுவர் முடிந்த அன்றே ஓவியருக்குக் கூலியும் முடிந்திருக்கும். காரணம் இப்படிப் புரிகிறது, மனம் ஆறவில்லை.

*

சோழர் ஓவியங்களின் மேல் எழுதிய நாயக்கர் கால ஓவியரின் பெயரும் நம்மிடம் இல்லை. தொல்லியல் துறையினர் அவர் படலத்தைச் சிதையாமல் உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். பழையவரைப் பார்ப்பதற்காகப் பின்னால் வந்தவரைச் சுரண்டி எறியவில்லை. அதற்காக அவர்களுக்கு என் நன்றி.