மறதியில்லாதவரின் மதிப்பெண்

அமெரிக்காவில் சட்டம் படிக்க வேண்டுமென்றால் முதலில் ஏதாவதொரு பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும். அதன்பின் பெரும்பாலோர் எழுதுவது எல்சாட் என்னும் நுழைவுத் தேர்வு. 1948-இல் தொடங்கிய இந்தத் தேர்வில் சட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வராது. ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலுள்ள வாதம் எதன்மேல் நிற்கிறது, எங்கே ஓட்டை, எதைச் சொன்னால் வலுக்கும், எதைச் சொன்னால் சரியும் என்று கேட்பார்கள். நீளமான பகுதியை வாசிக்கவைத்து அதிலிருந்தும் கேட்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 35 நிமிடம். எல்லாவற்றையும் தவறாக எழுதினாலும் 120 கிடைத்துவிடும், உச்சம் 180. நடுவில் நிற்பவர் 150-ஐச் சற்றே தாண்டியிருப்பார். பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் 170-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பார்கள். உதவித்தொகையும் பெருமளவு இந்த எண்ணைப் பார்த்தே முடிவாகிறது. ஆகவே 148 வாங்கியவர் முதலில் கேட்பது, இதை எப்படி உயர்த்துவது என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லப் பயிற்சி நிலையங்கள் நிறைய உண்டு. அந்தக் கேள்விக்கு அடியில் கிடக்கும் இன்னொரு கேள்வியை அங்கே யாரும் எடுப்பதில்லை. ஆறு மாதம் உழைத்து அவரே 163 வாங்கினால், அவரைப் பற்றி முதல் எண் சொன்னது பொய்யா, இரண்டாம் எண் சொல்வது பொய்யா? இரண்டும் மெய்யென்றால், இடையில் மாறியது எது?

இது வெறும் ஏட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. கல்லூரிகள் இதற்கு ஒரு காலத்தில் ஒரு பதிலும் பிறகு நேர்மாறான பதிலும் தந்திருக்கின்றன. சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், ஒருவர் பலமுறை தேர்வு எழுதியிருந்தால் அவற்றின் சராசரியையே கணக்கில் காட்டும்படி முன்பு கேட்டது. 2006-இல் அந்த விதி மாறியது. உச்ச மதிப்பெண்ணைக் காட்டினால் போதும் என்றாயிற்று. தரவரிசைப் பட்டியலில் ஏறவேண்டிய கல்லூரிகள் அதன்பின் மறுமுறை எழுதுபவர்களைக் கனிவோடு பார்க்கத் தொடங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்த விதிமாற்றத்துக்குள் ஒரு தத்துவ நிலைப்பாடு ஒளிந்திருக்கிறது. சராசரியைக் கேட்பவர், மனிதருக்குள் மாறாத அளவு ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு தேர்வும் அதைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ காட்டும் தராசு, பலமுறை நிறுத்துச் சராசரி எடுத்தால் உண்மை எடை தெரியும் என்று நம்புகிறார். உச்சத்தைக் கேட்பவருக்கு, ஒருவர் எட்டிய இடமே அவர். அதற்கு முந்தையவை வழியில் கிடந்த படிகள். கணக்கெழுதும் குமாஸ்தாவின் வேலைபோலத் தோன்றும் இந்த வேறுபாட்டில் ஊழ், முயற்சி என்ற பழைய வழக்கே மறுபடியும் நடக்கிறது.

அந்த வழக்கில் ஊழின் பக்கம் நின்று கடைசிவரை போனவர்கள் ஆசீவகர்கள். மணிமேகலையும் நீலகேசியும் மறுப்பதற்காகவாவது அவர்களுக்கு இடம் கொடுத்ததால் தமிழ் வாசகருக்கு அவர்கள் அந்நியர்கள் அல்லர். உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் இருக்கும்வரை ஓடித் தானே நிற்பதுபோல, அறிஞரும் மூடரும் தமக்கு வகுத்த தூரத்தை ஓடி முடிப்பார்கள், முயற்சி என்று தனியே ஒன்றில்லை என்பது அவர்களுடைய ஆசான் மற்கலி கோசாலரின் கொள்கையாகப் பௌத்த நூல்கள் சொல்வது. இக்கொள்கையைப் பிடித்திருந்த சத்தாலபுத்தர் என்ற குயவரை மகாவீரர் சந்தித்த கதை, உவாசகதசாவோ என்னும் சமண நூலில் வருகிறது. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பானைகளைப் பார்த்து, இவை முயற்சியால் ஆனவையா என்று மகாவீரர் கேட்கிறார். இல்லை, எல்லாம் முன்பே விதித்தது என்கிறார் குயவர். அப்படியானால் ஒருவன் வந்து இந்தப் பானைகளை உடைத்தாலோ உன் மனைவியிடம் முறைதவறி நடந்தாலோ என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி வருகிறது. அடிப்பேன், உதைப்பேன், உயிரையும் எடுப்பேன் என்கிறார். எல்லாம் விதித்ததென்றால் உடைத்தவன்மேல் கோபம் ஏன்? குயவர் அங்கே மாட்டிக்கொள்கிறார். மதிப்பெண்ணைப் பிறவி அளவாகக் காணும் கல்லூரிக்கும் இதே இக்கட்டு உண்டு. உயர்ந்த எண்ணைக் காட்டியவரைப் பாராட்டி உதவித்தொகை தருகிறார்கள். நூலுருண்டை நீளமாக இருந்ததற்கு யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. பரிசு கொடுக்கும் கை, முயற்சியை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது.

இன்றைய ஆசீவகர் ஒருவர் இதற்கு இன்னும் நுட்பமான மறுப்பு வைத்திருப்பார். மறுமுறை எழுதுபவர்களின் மதிப்பெண் சராசரியாகச் சில புள்ளிகள்தாம் ஏறுகின்றன. எந்த மதிப்பெண்ணுக்கும் மேலும் கீழும் மூன்று புள்ளி அளவுக்குப் பிழை இருக்கலாம் என்று தேர்வை நடத்துபவர்களே சொல்கிறார்கள். ஆகவே ஏற்றம் என்பது பெரும்பாலும் தராசின் நடுக்கம் என்பார். இதில் பாதி உண்மை. 157-க்கும் 159-க்கும் இடையில் ஒரு மனிதரின் தகுதியைத் தேடுவது நடுக்கத்தில் எடை தேடுவதே. ஆனால் அந்தச் சராசரிக்குள், ஓராண்டு உழைத்தவரும் சும்மா இன்னொரு முறை போய் உட்கார்ந்து வந்தவரும் சேர்ந்து கிடக்கிறார்கள். சராசரி சிறியதாக இருப்பதால் எவரும் பெரிதாக ஏறவில்லை என்று முடிவுகட்டுவது, இதே தேர்வில் பிழையென்று குறிக்கப்படும் வாதம்.

மாறாத அளவு என்ற கருத்துக்குத் தேர்வியல் வைத்திருக்கும் பெயர் ‘உண்மை மதிப்பெண்’. ஒருவர் அதே தேர்வை எண்ணற்ற முறை எழுதினால் கிடைக்கும் சராசரி அது. ஆனால் யாரும் அப்படி எழுத முடியாது. எழுத எழுதக் கற்றுக்கொண்டுவிடுவார், களைத்தும் போவார். இந்தச் சிக்கலைத் தாண்டச் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் ஒரு கற்பனையைக் கட்டினார்: ஒருவரிடம் கேள்வி கேட்டு, விடை வாங்கி, உடனே அவர் மூளையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்பது. லார்டும் நோவிக்கும் 1968-இல் வெளியிட்ட தேர்வியல் நூல் இந்தக் கற்பனையை எடுத்தாண்டு புகழ்பெறச் செய்தது. கணிதத்துக்கு இது வசதியான கற்பனைதான். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்பனையில் நிற்கும் அந்த ஆளை உற்றுப் பாருங்கள். நேற்று செய்த தவறு அவருக்கு நினைவில்லை. ஏன் தவறினோம் என்று யோசிக்க முடியாது. நாளை வேறுவிதமாக அணுகவும் முடியாது. கற்பவரிலிருந்து கற்றலைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ அதன் மதிப்பெண்ணுக்கு ‘உண்மை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பகுத்தறிவை அளக்க வந்த தேர்வுக்கு இது விநோதமான அடித்தளம். தன் தவறை நினைவில் வைத்துத் திருத்திக்கொள்வதைத் தவிரப் பகுத்தறிவின் வேலை வேறென்ன?

பயிற்சியில் நடப்பது என்ன என்று பார்த்தால் இது தெளிவாகும். மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது. இந்த வாதத்தைக் கேட்டதும் பலருக்குத் தலையாட்டத் தோன்றும். தண்ணீர் லாரி ஒழுகியபடி போயிருக்கலாமே என்று நிறுத்திக் கேட்பது பழக்கத்தால் வருவது. போதுமான நிபந்தனையையும் தேவையான நிபந்தனையையும் குழப்புவது, இரண்டு சேர்ந்து நிகழ்ந்ததால் ஒன்று மற்றதை விளைவித்தது என்பது, சொன்னவரைத் தாக்கிச் சொன்னதை மறுப்பது என்று எல்சாட் திரும்பத் திரும்பச் சோதிக்கும் பிழைகளை எண்ணிவிடலாம். மதிப்பெண் உயர்பவர் செய்வது, தவறவிட்ட ஒவ்வொரு கேள்வியையும் நேரக் கெடுபிடி இல்லாமல் மறுபடி போட்டுப் பார்த்து, சரியான விடை ஏன் சரி, தன்னை இழுத்த விடை ஏன் தவறு என்று தன் சொற்களில் எழுதிவைப்பது. சலிப்பான வேலை. தருக்கத்தை இந்தியர்கள் கற்றதும் இப்படித்தான். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு ஏதுப்போலிகளை, அதாவது காரணம்போலத் தோன்றும் பிழைகளை, வகை வகையாக எடுத்துச் சொல்கிறார். அவள் கேட்டுக் கற்கிறாள். வழி வழியாக இலக்கணமிட்டுச் சொல்லித்தரப்பட்ட ஒன்று, அமெரிக்கத் தேர்வறைக்குள் நுழைந்ததும் பிறவிக் கொடையாகிவிடாது.

இங்கே வழக்கமான ஆட்சேபம் வரும்: பயிற்சி தருவது தேர்வுத் தந்திரம், அறிவு கூடுவதில்லை, எண் மட்டும் கூடுகிறது. இதற்கு நல்ல உதாரணமாக ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற பிரிவைக் காட்டினார்கள். ஏழு பேர் ஒரு வரிசையில் உட்கார வேண்டும், இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் கூடாது என்ற வகைப் புதிர்கள்; படம் போட்டுத் தீர்க்கும் உத்தி பிடிபட்டால் மளமளவென ஏறும். பார்வையற்ற தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்ததன் தொடர்ச்சியாக, 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பிரிவே இல்லை. ஆட்சேபத்தின் வலுவான சாட்சி அதோடு போய்விட்டது. மிச்சமிருக்கும் பிரிவுகளில் தந்திரம் என்று சொல்லப்படுவது, முடிவு எது, ஆதாரம் எது என்று பிரித்துப் பார்ப்பதும், சொல்லாமல் விட்ட எடுகோளைத் தேடுவதும். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இதைச் செய்தால் திறமை என்கிறோம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேக்கி, விட்டேக்கர், புங்கே ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எல்சாட் தேர்வுக்காக 100 மணி நேரம் பயிற்சி எடுத்தவர்களின் மூளையில், தருக்கச் சிந்தனையோடு தொடர்புள்ள பகுதிகளை இணைக்கும் வெண்பொருளில் மாற்றம் தெரிந்தது. இதை வைத்து அதிகம் துள்ளக் கூடாது. பயிற்சிக்குத் தாமாகச் சேர்ந்த சிறு குழு அது. மூளையில் மாற்றம் என்பதால் அறிவு கூடியது என்று ஆகிவிடாது. ஆனாலும் எண் மட்டுமே மாறியது, ஆள் மாறவில்லை என்று சாதிப்பவர் இனி அதற்குத் தனியே ஆதாரம் தேட வேண்டியிருக்கும்.

இதைவிடக் கடினமான மறுப்பு தத்துவவாதி ஜான் ராவ்ல்ஸிடமிருந்து வருகிறது. உழைக்கும் மனப்பாங்குகூட ஒருவர் பிறந்த குடும்பத்தாலும் சூழலாலும் உருவாவது, அதற்கான பெருமை முழுக்க அவருடையதல்ல என்பது 1971-இல் வந்த அவரது நீதிக் கோட்பாட்டின் முக்கியமான எண்ணம். அப்படியானால் முயற்சியும் ஊழின் மறுபெயர்தான். குயவரை மடக்கிய கேள்வி மகாவீரரிடமே திரும்பிவிடுகிறது. இதை நான் முழுதாக மறுக்க விரும்பவில்லை. 2018-இலிருந்து சில ஆண்டுகள் கான் அகாடமி என்ற இணையதளம் எல்சாட்டுக்கு இலவசமாகப் பாடம் தந்தது; பாடத்துக்குப் பணம் வேண்டாமென்று ஆனாலும் அதைப் படிக்க மணிநேரம் வேண்டும். இரவுப் பணி முடிந்து வந்து குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புபவருக்கு அந்த நூறு மணி நேரம் எங்கே கிடைக்கும்? ஆனால் ராவ்ல்ஸின் வாதம் அடிப்பது பெருமையைத்தான். உழைப்பால் ஏற்பட்ட மாற்றத்தை அது தொடவில்லை. நீச்சல் குளம் உள்ள வீட்டில் பிறந்ததால் ஒருவர் நீந்தக் கற்றார் என்றால், அதற்காக அவர் மார்தட்டக் கூடாதுதான். ஆனாலும் அவருக்கு நீந்தத் தெரியும். 163 வாங்கியவர் வாதத்தின் ஓட்டையைக் காண்கிறார். அது கண்கட்டு அல்ல. அது அவருடைய சாதனையா, அவருக்குக் கிடைத்த வாய்ப்பா என்பது வேறு வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால்தான் ஒரு தரப்பு பயிற்சியை மோசடி என்கிறது, மற்றது மதிப்பெண்ணைப் புண்ணியமாக்குகிறது.

சேர்க்கைக் குழு ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்த்தாக வேண்டும், ஏதாவதொரு எண் இல்லாமல் எப்படி என்பார்கள். நியாயமான கவலை. எல்சாட் முதலாண்டு மதிப்பெண்களை ஓரளவு முன்கூட்டிச் சொல்கிறது. அதை எறிந்துவிட்டு நேர்காணலையும் சிபாரிசுக் கடிதத்தையும் நம்பினால் பாரபட்சம் குறையும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அந்த எண் முன்கூட்டிச் சொல்வது எதை என்பதில் கவனம் வேண்டும். மார்ஜரி ஷுல்ட்ஸும் ஷெல்டன் செடெக்கும் பெர்க்லியில் நடத்திய ஆய்வில், நல்ல வழக்கறிஞருக்கு வேண்டிய 26 திறன்களைப் பட்டியலிட்டார்கள். காதுகொடுத்துக் கேட்பது, பேரம் பேசி முடிப்பது எல்லாம் அதில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை எல்சாட் எண்ணால் ஊகிக்க முடியவில்லை. தேர்வறையில் உட்கார்ந்த அன்று ஒருவகை வாசிப்பும் தருக்கமும் எந்த அளவுக்குப் பழகியிருந்தன என்பதற்கு அந்த எண் சாட்சி. அன்றைய நிலவரத்தைச் சொல்லும் சாட்சியாக அதை வைத்துக்கொண்டால், 148-க்குப் பிறகு வந்த 163-ஐச் சந்தேகப்படக் காரணமில்லை. இரண்டு வெவ்வேறு நாட்களைப் பற்றிய இரண்டு உண்மைகள் அவை. உச்சத்தைக் கணக்கில் எடுக்கும் 2006-இன் விதி, கல்லூரிகளின் சுயநலத்துக்கு வசதியாக இருந்தாலும், சராசரி விதியைவிட இந்த உண்மைக்கு நெருங்கியது.

ஆனால் அந்த விதியால் பயன்பெறுபவர் இரண்டாம் முறை எழுத முடிந்தவர் மட்டுமே. ஒரே ஒருமுறை எழுதி 151 வாங்கி, வேலையை விட முடியாமல் அதோடு நிறுத்திக்கொண்டவரின் விண்ணப்பமும் அதே மேசையில் கிடக்கிறது. 163 வாங்கியவரிடம் 148 மாறக்கூடிய எண்ணாக இருந்தது என்று ஏற்றுக்கொண்ட குழு, இவருடைய 151-ஐ மட்டும் நூலுருண்டையின் முழு நீளமாக வாசிக்க எந்த நியாயமும் இல்லை. மூளையைக் கழுவித் துடைத்த அந்தக் கற்பனை மனிதரைப்போல இவரையும் கற்றல் கழித்த நிலையில்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இவரிடமிருந்து கற்றலைக் கழித்தது மட்டும் கற்பனை அல்ல.