ஏதுவும் அன்பும்

போதைப்பழக்கத்திற்கு ஆட்பட்டவரின் நிலையை ஊரார் அறிந்த பின்னரே வீட்டார் அறிவது பலமுறை நிகழ்கிறது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்திலும், மறைவாகக் குடிப்பவரின் கமுக்கத்தை உய்த்தறிந்து நகைப்போர் உள்ளூராரே (927). தாயோ அறிபவளாக அன்றி, மகனின் களிப்பைத் தன் முன்னே கண்டு வருந்துபவளாகவே வருகிறாள் (923). அவ்வாறாயின், அன்பு அறிவுக்குத் துணையா, தடையா?

காணப்பட்ட அடையாளத்தைக் கொண்டு காணப்படாத பொருளைத் துணிவதை அளவை நூலார் அனுமானம் என்றும், அவ்வடையாளத்தை ஏது என்றும் வழங்குவர். மணிமேகலையின் 29ஆம் காதை கூறும் ஏதுப்போலிகளுள் ஒன்று அநைகாந்திகம். துணிய வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால், எதையும் உறுதிப்படுத்தாத அடையாளம் அது. உறக்கம் குலைதல், எடை குறைதல், பழைய நண்பர்களைத் தவிர்த்தல், வீட்டில் பணம் காணாமற் போதல், காரணமற்ற சினம் ஆகியவை தனித்தனியே இவ்வகையினவே. தேர்வு அச்சமும் உறக்கத்தைக் கெடுக்கும். கஞ்சாவால் சிவக்கும் கண் மெட்ராஸ் ஐயாலும் சிவக்கும். அபினி வகை வலிநிவாரணிகளால் கண்மணி ஊசிமுனையளவு சுருங்குவது சற்று உறுதியான குறியெனினும், வீட்டார் அதை உற்று நோக்குவது அரிது. இவ்விடத்தில் அன்பு பொய் எதையும் புனைவதில்லை. ஒவ்வொரு குறிக்கும் நடக்கக்கூடிய, குற்றமற்ற ஒரு காரணத்தையே தேடித் தருகிறது. ஐந்து குறிகளுக்கு ஐந்து வெவ்வேறு காரணங்கள் தேவைப்பட்ட பின்னும், அவை அனைத்தையும் விளக்கவல்ல ஒரே காரணத்தை எண்ண மறுப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

ஆயினும், உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுடைய 11ஆம் பதிப்பு, போதைப்பொருள் சார்புநிலைக்கு மூன்று கூறுகளை வகுக்கிறது: பயன்பாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளையும் விருப்பங்களையும் விட அப்பொருள் முதன்மை பெறுதல், அளவைக் கூட்டினாலன்றிப் பயன் தராமையும் நிறுத்தினால் உடல் வாடுதலும் போன்ற உடல்சார் மாற்றங்கள். இவற்றுள் இரண்டேனும் காணப்பட வேண்டும். ஒருவர் எதை உட்கொள்கிறார் என்பதைத் தெருவில் உள்ளவர் அறியலாம். அதற்காக எதையெல்லாம் கைவிட்டார் என்பதை, அவர் முன்பு எதை விரும்பினார் என்று அறிந்தவரே அளக்க முடியும். இவ்வளவில், காட்சியை மறைத்த அதே அன்புதான் இரண்டாம் கூறுக்கு மிகச்சிறந்த அளவையாகவும் அமைகிறது.

இவ்வாறு துணிந்ததை உரியவரிடம் எப்போது சொல்வது என்பது வேறு வினா. மயங்கியிருப்பவனுக்குக் காரணம் காட்டுவதன் பயனின்மையை 929ஆம் குறள் கூறுவதைக் கொண்டு, வள்ளுவர் பேச்சையே கைவிட்டார் எனக் கொள்வது அரைகுறை வாசிப்பு. தெளிந்திருக்கும் பொழுதில் அவனே தன் நிலையைப் பிறனிடம் காணக்கூடும் என்பதை அடுத்த குறள் எண்ணிப் பார்க்கிறது.