தொலைவிலிருந்து நேசிப்பவரின் கடன்

2017 செப்டம்பர் 6 அன்று, ஐந்தாம் வகைச் சூறாவளியான இர்மா கரீபியக் கடலின் செயின்ட் ஜான் தீவைச் சூறையாடியது. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான அத்தீவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 4,000 பேர்தான். ஒருமுறை விடுமுறைக்குப் போய்வந்துவிட்டு, பிறகு ஊரிலிருந்தே இணையத்தில் அதன் கடற்கரையைப் பார்த்துப் பார்த்து நெகிழ்கிறவர்களோ அதைவிடப் பன்மடங்கு. புயலுக்குப் பிறகு அந்த நேசத்துக்கு என்ன உரிமை, என்ன கடமை?

தகவல் தொடர்பு அற்றுப்போன நாட்களில், அமெரிக்க அரசு விமானத்திலிருந்து எடுத்து வெளியிட்ட படங்களைப் பெரிதாக்கி, எந்த வீட்டுக்குக் கூரை இருக்கிறது, எதற்கு இல்லை என்று வெளியிலிருப்போர் தேட முடிந்தது. தவித்துக் கிடந்த உறவினருக்கு அது பெரும் உதவி. ஆனால் அதே படம், வீட்டுக்காரர் அறியுமுன்னே ஊரார் பார்க்கும் காட்சியாகவும் ஆகலாம். குடும்பத்துக்குச் சேதி சொல்வது அறம். பிறர் இழப்பைப் பலரும் பார்க்கப் பரப்புவது அறமன்று.

அத்தீவில் கூரை என்பது நிழல் மட்டுமல்ல. பெரும்பாலான வீடுகளில் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள். கூரை போனால் தண்ணீர் வரத்தும் போயிற்று. மின்சாரமோ அண்டைத் தீவான செயின்ட் தாமஸிலிருந்து கடலடிக் கம்பியில் வருவது. இந்நிலையில் நல்லெண்ணத்தோடு ஓடிவரும் ஒவ்வொருவரும் அங்குள்ளவரின் தண்ணீரிலும் படுக்கையிலும் பங்கு கேட்கிறார். அழைக்காமல் போவது தொண்டாகாது.

தீவில் வீடு வைத்திருந்த பாடகர் கென்னி செஸ்னி நிவாரண நிதி தொடங்கி, 2018-இல் வந்த தன் இசைத்தொகுப்பின் வருவாயையும் அதற்கே அளித்தார். அந்தக் கடற்கரையைப் பாடிப் புகழ் பெற்றவர் அதற்குத் திருப்பிக் கொடுத்தது முறைதான். விடுமுறையில் அங்கே மகிழ்ந்தவருக்கும் அந்தக் கடன் உண்டு, சிறிய அளவிலாவது.

சுற்றுலாவே பிழைப்பான ஊருக்கு விருந்தினர் திரும்பி வருவதும் உதவிதானே என்று கேட்கலாம். உண்மை. பயணி வராவிட்டால் படகோட்டிக்கும் சமையற்காரருக்கும் கூலியில்லை. ஆனால் தீவில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா. வீடு கட்ட இடம் குறைவு. புயலில் வீடுகள் குறைந்த பிறகு, சீரமைக்கப்பட்ட அறை பயணிக்கா, அங்கே உழைக்கும் வாடகைதாரருக்கா என்பதே கடினமான கேள்வி. “எப்போது திறக்கும்?” என்று அவசரப்படுத்தும் அன்பு, தன்னையறியாமல் அந்தக் கேள்விக்குப் பயணியின் பக்கமே விடை சொல்லிவிடுகிறது. உழைப்பவருக்குக் கூரை முதலில் கிடைப்பதே நியாயம்.

ஆகவே, ஒரு தீவை நேசிப்பவர்கள் பழந்துணி மூட்டைகளை அனுப்பவேண்டாம். உள்ளூரார் நடத்தும் நிதிக்குப் பணம் அனுப்புங்கள். செய்திகள் ஓய்ந்த அடுத்த ஆண்டும் அனுப்புங்கள். அவர்கள் வரச் சொல்லும்போது போங்கள். போனால், அறையைத் துப்புரவு செய்பவர் எங்கே உறங்குகிறார் என்று கேளுங்கள்.